அசையாத பீடமும் அசையும் முள்ளும்

இசைத்தட்டின் மேல் ஓடும் முள் மிகச் சிறியது. அது செய்கிற வேலையோ பெரியது. தட்டிலுள்ள பள்ளக் கோட்டின் இரு கரைகளிலும் நெளிவுகள் இருக்கின்றன. முள் அவற்றைத் தொட்டுச் செல்லும்போது, அந்த நெளிவுக்கு ஏற்பத் தானும் நடுங்குகிறது. அந்த நடுக்கந்தான் மின்சாரமாகி, ஒலிபெருக்கியில் பாட்டாகிறது. மிக மெல்லிய ஒலிகளைத் தாங்கும் நெளிவு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு நுட்பமான முள்ளுக்குப் பாட்டு எது, பக்கத்து அறையில் யாரோ நடக்கும் காலடி எது என்று பிரித்தறியத் தெரியாது. எது வந்து அசைத்தாலும் அது அசையும்.

ஆகவேதான், உயர்ந்த இசைக் கருவிகளை வீட்டில் வைத்திருக்கும் ரசிகர்கள் அவற்றின் அடியில் அதிர்வைத் தடுக்கும் பீடம் ஒன்றை வைக்கிறார்கள். கனமான கருங்கல் பலகை, ரப்பர், ஸ்பிரிங், காற்றடைத்த பை என்று அதில் பல வகை. சில பீடங்களின் விலை, மேலே அமரும் கருவியின் விலையையே மிஞ்சிவிடும்.

இவற்றைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. உலகத்தின் அதிர்ச்சி தன்னைத் தொடாமல் ஒதுங்கி அமர்வது உயர்ந்த பண்பா, வெறும் சுயநலமா? தாமரை இலைத் தண்ணீராக வாழ்வதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அடுத்த வீட்டு அழுகுரலுக்குச் சன்னலைச் சாத்திக்கொள்கிறவனும் தன்னை அப்படித்தானே சொல்லிக்கொள்கிறான்?

அமெரிக்காவில் பல வீடுகளுக்குத் தரை மரப்பலகை. ஒருவர் நடந்தால் தரை குலுங்கும். தரை குலுங்கினால் முள் தாவும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பாட்டு முடியும்வரை குழந்தை ஓடக் கூடாது, பெரியவர்கள் அடி பதுங்கி நடக்க வேண்டும் என்று கட்டளையிடுவது ஒன்று. மற்றொரு வழியை மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1961-ல் செய்து காட்டினார். சுழலும் தட்டையும் முள்ளைத் தாங்கும் கையையும் ஒன்றாகப் பிணைத்து, மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார். பாட்டு ஓடும்போதே அந்தக் கருவியைச் சுத்தியலால் தட்டிக் காட்டுவார்களாம், முள் தாவாது!

இரண்டு வழியிலும் பாட்டு கேட்கும். ஆனால் முதல் வழியில் என் அமைதிக்கு வீடு முழுவதும் விலை கொடுக்கிறது. இரண்டாவதில் என் இருக்கையை நானே செப்பனிட்டுக் கொள்கிறேன். குழந்தை தாராளமாக ஓடலாம். பிறரை அடக்கிப் பெறும் அமைதி அதிகாரம். தன்னைத் திருத்திப் பெறும் அமைதியே பக்குவம்.

அந்தப் பக்குவத்துக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு ஸ்பிரிங் பீடத்துக்கும் இயல்பான ஆட்டம் ஒன்று இருக்கிறது. வினாடிக்கு மூன்று முறை ஆடும் இயல்புள்ள பீடம், அதைவிட மிக விரைவான அதிர்வுகளைத் தடுத்துவிடும். மிக மெதுவான அசைவுகளை அப்படியே மேலே விட்டுவிடும். சரியாக வினாடிக்கு மூன்று முறை வரும் அசைவையோ, தடுக்காதது மட்டுமல்ல, பெரிதாக்கியே காட்டும்! மனிதர்களும் இப்படித்தான். ஊர்ப் பழிக்கெல்லாம் அசையாதவர், தம் உள்ளத்தின் பலவீனத்தோடு ஒத்துப்போகும் ஒரு சொல்லில் ஆடிப்போய்விடுகிறார்.

அதைவிட வேடிக்கை, முள்ளுக்குத் தன் வீட்டிலேயே ஒரு பகை இருப்பது. ஒலிபெருக்கியின் முழக்கமே காற்றின் வழியாகவும் தரையின் வழியாகவும் திரும்பி வந்து முள்ளைக் குலுக்கும். அந்தக் குலுக்கல் மறுபடியும் முழக்கமாகும். கடைசியில் பாட்டு மறைந்து ஊளையே மிஞ்சும். தன் குரலையே திரும்பத் திரும்பக் கேட்கிறவனுக்கு நேரும் கதி இது. பீடம் நம்மை உலகத்திடமிருந்து மட்டும் காப்பதில்லை, நம்மிடமிருந்தும் காக்கிறது.

முள்ளே இல்லாத கருவிகளுக்கும் இத்தகைய பீடங்களை விற்கிறார்கள். பயன் உண்டா இல்லையா என்பது தீராத வழக்கு. பீடம் இருக்கிறதா என்று பார்க்காமல் கேட்டு வேறுபாடு சொல்ல முடியாதவர் வாங்கியது பீடமல்ல, பெருமை. நடுங்குவதற்கு ஒன்றுமே இல்லாத நெஞ்சுக்கு அமைதி எதற்கு?

முள் அசையாமல் நின்றுவிட்டால் பாட்டே இல்லை என்பதை மறக்கலாகாது. எதற்கும் நடுங்காமல் இருப்பதற்காக அல்ல, நடுங்க வேண்டியதற்கு மட்டும் நடுங்குவதற்காகவே கீழே அந்த அசையாத பீடம்.

வில்ச்சர் 1967-ல் தம் நிறுவனத்தை விட்டு விலகி, காது மந்தமானவர்களுக்கு உதவும் கருவியைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் தனித்தனியாகப் பிரித்து, மெல்லிய ஒலியை மிகுதியாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும் முறையைக் கண்டு, 1973-ல் வெளியிட்டார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2011-ல் மறைந்த அந்த மனிதர், காலடி ஓசையிலிருந்து பாட்டைக் காத்தவர். பிறர் குரலே எட்டாதவர்களுக்கு அதை எட்டவைக்கவும் அவரே முயன்றார். ஒதுங்கி அமர்ந்தவர் எதற்காக ஒதுங்கினார் என்பது, பிறகு அவர் எதைக் கேட்டார் என்பதில் தெரிந்துவிடுகிறது.