குற்றச்சாட்டும் குளிர்த்தியும்

வைகாசி பிறந்தால் எழுவான்கரை, படுவான்கரை எங்கும் கண்ணகை அம்மன் ஆலயங்களில் கதவு திறந்து வழக்குரை பாடுவது எமது வழமை. பாண்டியன் செய்த பிழை யாது? தட்டான் சொல்லை நம்பி, தீர விசாரியாமல் கோவலனைக் கொல்வித்தான். ஆயினும் கோவலனும் அப்பழுக்கற்றவன் அல்லன். மாதவியிடம் பொருளை எல்லாம் இழந்து திரும்பியவன். அவனை அம்மை ஏற்றுக்கொண்டாள். செய்யாத குற்றத்திற்குத் தண்டனையும் செய்த குற்றத்திற்கு மறுவாய்ப்பும் ஒருவன் கதையிலேயே வருவதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 200 மீற்றர் ஓட்டத்தை நோக்குவோம். முதலாவதாக வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். மூன்றாவதாக வந்தவர் எமது நாட்டின் சுசந்திகா ஜயசிங்க. 1948இல் டங்கன் வைற் பெற்ற பதக்கத்தின் பின் 52 வருடங்கள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த பதக்கம் அது. அதே சுசந்திகா 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டினால் இடைநிறுத்தப்பட்டு, பின் விசாரணையில் விடுவிக்கப்பட்டவர். உலகம் போற்றிய மரியனோ 2007இல் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார்; விசாரணையாளரிடம் பொய் கூறியதற்காக 2008இல் 6 மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார். சுசந்திகாவின் வெண்கலம் 2009இல் வெள்ளியாயிற்று.

சுசந்திகா களத்திற்குத் திரும்பியது உரிமையால். அதற்கு எவர் மன்னிப்பும் தேவைப்படவில்லை. மரியனின் நிலை வேறு. பல்கலைக்கழக மாணவியாக 1994இல் கூடைப்பந்தில் தேசிய வெற்றி கண்ட அவர், சிறை மீண்டபின் 2010இல் அவ்விளையாட்டுக்கே திரும்பினார். அது தகுமா எனின், தகும் என்பதே அடியேனின் எண்ணம். களம் கிடைத்தது, பதக்கம் கிடைக்கவில்லை. கணக்கு அவ்வாறுதான் இருக்கவேண்டும்.

எமது பாடசாலைகளிலோ, நன்றாக விளையாடும் பிள்ளைமீது முறைப்பாடு வந்தால், “போட்டி முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று மூடிவிடுவோரும் உண்டு. சந்தியில் அன்றே தீர்ப்புக் கூறுவோரும் உண்டு. (இருவரும் சிலவேளை ஒருவரே!) முறைப்பாடு செய்த பிள்ளையை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர். கண்ணகை சபையில் நின்றதே முறைப்பாட்டாளராக அல்லவா? அங்கே அவள் சொல் கேட்கப்பட்டது. சிலம்பு உடைத்துப் பார்க்கப்பட்டது.

மதுரையை எரித்த சினத்தையும் நாம் ஆண்டுதோறும் குளிர்த்தி பாடி ஆற்றுகின்றோம். அப்படியிருக்க, 17 வயது மாணவன் ஒருவன் விசாரிக்கப்பட்டு, தண்டனையும் அனுபவித்து, பாதிக்கப்பட்டவர்முன் தலைகுனிந்து நின்றபின், மைதானத்தின் வாசல் அவனுக்கு எத்தனை வருடம் அடைக்கப்படவேண்டும்? அவன் திரும்பினால் பாதிக்கப்பட்ட பிள்ளை அதே மைதானத்தில் அச்சமின்றி நடக்குமா? பெற்றோரும் ஆசிரியரும் ஆலய பரிபாலன சபையினரும் கூடியிருந்து பேசவேண்டிய விடயம் இது. முறைப்பாடு ஒன்று வருமுன்னரே பேசினால் நல்லது.