எந்தத் துப்பாக்கி என்னும் வினா

வட அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் கயோட்டி என்னும் விலங்கு வாழ்கிறது. ஓநாயின் இனத்தைச் சேர்ந்த இது, பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ வரை எடையுள்ளது. ஆட்டுக்குட்டிகளைக் கவர்ந்து செல்வதால் மந்தை வளர்ப்போர் இதனைப் பகையாகவே கருதுகின்றனர். இதனை வேட்டையாடப் புறப்படுவோர் முதலில் எழுப்பும் வினா, எந்தத் துப்பாக்கி, எந்த அளவுக் குண்டு என்பதே. இது வெறும் கருவியைப் பற்றிய வினாதானா? சற்றே ஆழ்ந்து நோக்குவோம்.

முயலுக்குப் போதுமான .22 ரிம்ஃபயர் தோட்டா கயோட்டிக்குப் போதாது. காயமுற்ற விலங்கு புதருக்குள் ஓடி ஒளிந்து, நெடுநேரம் துடித்து மடியும். ஆகவே பலர் .223 ரெமிங்டனைத் தேர்கின்றனர். அதன் 3.6 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் விரைவில் பாய்கிறது. .22-250 அதனினும் விரைவானது; தொலைவிலும் அதிகம் தாழாமல் செல்லும். 1955-இல் வந்த .243 வின்செஸ்டரின் கனமான குண்டு காற்றில் அவ்வளவாக விலகாது; மான் வேட்டைக்கும் உதவும். ஆயின், தோலைப் பெரிதும் கிழித்துவிடக்கூடும். இவற்றோடு, தன் கை தவறாமல் எட்டக்கூடிய தொலைவு எவ்வளவு, இலக்குக்கு அப்பால் வீடோ மனிதரோ உண்டா என்பதையும் வேட்டைக்காரன் அறிந்திருக்க வேண்டும்.

இத்தேர்வில் ஓர் அறம் இருப்பதை நாம் மறுக்க இயலாது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானவை என 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. விலங்குகளை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்துவதை அது ஏற்கிறது. எனவே, கொல்ல வேண்டிய நிலையில் துன்பத்தைக் குறைக்கும் கருவியைத் தேர்வது கடமையே.

ஆனால் இங்கேதான் ஓர் ஏமாற்றும் ஒளிந்திருக்கிறது. 'எவ்வாறு' என்னும் வினாவுக்குச் செம்மையாக விடை கண்டுவிட்டால், 'ஏன்' என்னும் வினா தானே அடங்கிவிட்டதாக நம் மனச்சான்று அமைதி கொள்கிறது. செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் சேர்த்தே ஒழுக்கத்தை எடைபோட வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. நல்ல கருவி தீய நோக்கத்தைத் தூய்மையாக்காது.

காவல் நாய்களாலும் இரவுப் பட்டிகளாலும் காக்க இயலாத மந்தையைத் துப்பாக்கியால் காப்பவர் ஒருவர். அதிக எண்ணிக்கையில் கொன்றவருக்குப் பரிசு என்னும் போட்டியில் சுடுபவர் மற்றொருவர். இருவர் கையிலும் இருப்பது ஒரே .223 ஆகலாம், இருவரும் ஒரே நொடியில் உயிரைப் போக்கலாம். எனினும் இருவர் செயலும் ஒன்றாகா. கலிபோர்னியா 2014-இலும், வெர்மாண்ட் 2018-இலும் இத்தகைய போட்டிகளைத் தடுத்தது இவ்வேறுபாட்டை உணர்த்துகிறது.

துப்பாக்கியையே தொட்டறியாத நமக்கு இதனால் என்ன என்று சிலர் வினவலாம். கடிந்துரைக்கச் சொற்களைத் தேர்கிறோம். வழக்குத் தொடுக்கச் சட்டப்பிரிவைத் தேர்கிறோம். உறவை முறிக்கக்கூட நயமான வழியைத் தேடுகிறோம். வழி நயமாக இருந்ததால் செயலும் நேர்மையானது என்று நிறைவடைகிறோம்.

உயிர்களைப் படைத்தவர் அவற்றை நம் பொறுப்பில் விட்டுள்ளார். ஒருநாள் அவர் கணக்குக் கேட்கையில், குறி தவறாமல் சுட்டோம் என்பது மட்டும் நம் விடையாக அமைதல் போதுமா?