வண்டல் கணக்கு

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது வெளியே 36 பாகை என்று கார் திரையில் காட்டியது. நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனால் பள்ளி விடுமுறையும் இரண்டு வாரம் மழையில்லாத வெயிலும் சேர்ந்து வந்துவிட்டால், கோலாலம்பூரே கேமரன் மலைக்குக் கிளம்பிவிட்ட மாதிரிதான் சாலை இருக்கும். நாங்களும் கிளம்பியிருந்தோம். அம்மா, மாமா, அத்தை, தங்கை, நான்.

மாமா முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். பதினேழு வருடம் இதே சாலையில் காய்கறி லோரி ஓட்டியவர். சாயங்காலம் ரிங்லெட்டில் ஏற்றினால் நள்ளிரவுக்குள் செலாயாங் பசார் போரோங்கில் இறக்கியாக வேண்டும். ஒவ்வொரு வளைவும் வருவதற்கு முன்பே அவர் கை கதவுப் பிடியை இறுக்கியது. "இங்க ஹார்ன் அடிடா. மேலேர்ந்து வர்றவனுக்கு நம்மள தெரியாது." லாத்தா இஸ்கண்டார் அருவியையும், ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாய் கட்டுகளைத் தொங்கவிட்டு விற்கும் பந்தல்களையும் தாண்டி ஏற ஏற, ஏர்கோனை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினோம். அம்மா சால்வையைத் தேட ஆரம்பித்தார்.

ரிங்லெட்டைத் தாண்டித் தானா ராத்தா போகும் வழியில் சாலையோரம் ஏரி தெரிந்தது. சுல்தான் அபு பக்கார் ஏரி. தங்கை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் கைப்பேசியை நீட்டியவள், கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்துவிட்டு, படம் எடுக்காமலேயே திரும்பி வந்தாள். தண்ணீர் தே தாரேக் நிறத்தில் இருந்தது. நடுவில் ஒரு மிதவையின் மேல் எக்ஸ்கவேட்டர் நின்று, கையை நீருக்குள் விட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தது.

"மழ பேஞ்சிருக்கும்" என்றார் அம்மா.

"எங்கக்கா பேஞ்சுச்சு? ரெண்டு வாரமா காயுது" என்றார் மாமா. "நான் ஓட்ட ஆரம்பிச்சப்ப பச்சையா இருக்கும் இந்தத் தண்ணி. இது அழுக்கு இல்ல, மண்ணு. மேல தோட்டத்து மண்ணு." பிறகு சிரித்துக்கொண்டே, "நான் ஏத்துன கோஸெல்லாம் போனது போக மிச்சம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரை. மாமா அதை அங்கேயே விட்டுவிட்டு அத்தைக்குச் சோளம் வாங்கப் போய்விட்டார். என்னால்தான் விடமுடியவில்லை.

நான் சிவில் பொறியியல் படித்தவன். அந்த ஏரியை ஏரி என்று சொல்வதே என் துறைக்கு ஒரு செல்லப் பெயர்தான். அது நீர்த்தேக்கம். 1963இல் பெர்தாம் ஆற்றின் குறுக்கே சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டி உண்டாக்கப்பட்டது. ஆறு மில்லியன் கன மீட்டருக்கும் அதிகமான தண்ணீர் நிற்பதற்கான இடம். இயற்கையாக விட்டிருந்தால் இந்தத் தண்ணீர் கிழக்கே பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போயிருக்கும். அதை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக மேற்கே பேராவுக்குத் திருப்பி, பூமிக்கடியில் உள்ள ஜோர் மின்நிலையத்தில் விழவைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு நதியின் கடலையே மாற்றிய வேலை. மாணவனாக இருந்தபோது இதைப் படித்துப் புல்லரித்திருக்கிறேன். இன்றும் அந்த மதிப்பு குறையவில்லை.

நீர்த்தேக்கத்தைக் கட்டுகிறவர்களுக்கு வண்டல் வரும் என்று தெரியும். அடியில் அதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் கட்டுவார்கள். இறந்த கொள்ளளவு என்று அதற்குப் பெயர். எவ்வளவு வண்டல் வரும் என்பதை மலையின் மேல் என்ன இருக்கிறது என்பதை வைத்துக் கணிக்க வேண்டும். காடு என்றால் குறைவு. தேயிலையும் ஒருமுறை வேர்பிடித்து மூடிவிட்டால் மண்ணை ஓரளவு பிடித்துக்கொள்ளும். காய்கறி அப்படியில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கி, கிளறி, மறுபடியும் நடவேண்டும். சரிவை வெட்டித் தட்டையாக்க வேண்டும். அணை கட்டிய பிறகு மலையில் நடந்தது அதுதான். காடு போய்க் காய்கறி வந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் கூரைகள் வந்தன. கூரையில் விழுந்த மழை ஊறாமல் அப்படியே ஓடி, வெட்டிய மண்ணை இழுத்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறது.

விவசாயிகள் மண்ணைக் காக்கும்படியாக வேலை செய்யலாமே என்று கேட்கலாம். அங்கே பல பேர் நெடுங்காலம் பயிர் செய்துவந்தது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில். அடுத்த வருடம் இந்த நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவன், முப்பது வருடம் நிற்கும் கல்வரப்பு எதற்குக் கட்டுவான்? நான் அவன் இடத்தில் இருந்தாலும் கட்டமாட்டேன். அவனுக்கு உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு அதன் காரணங்கள் இருந்திருக்கும். கோஸ் ஏற்றிய மாமாவுக்கு மூன்று பிள்ளைகள். அதை செலாயாங்கில் மலிவாக வாங்கிய அம்மாவுக்கு மாதச் சம்பளம் குறைவு. அந்தக் கோஸைச் சாப்பிட்டுத்தான் நான் பல்கலைக்கழகம் போனேன்.

2013 அக்டோபர் 23. பெருமழையில் ஏரி நிரம்பி, அணையைக் காக்க மதகுகளைத் திறந்தார்கள். கீழே லெம்பா பெர்தாமில் மக்கள் தூங்கும் நேரம். சேறும் தண்ணீரும் வீடுகளுக்குள் புகுந்தன. கார்கள் அட்டைப்பெட்டி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. உயிர்கள் போயின. ஆற்றுக்கென ஒதுக்கிய நிலத்திலேயே வீடுகள் இருந்தன என்றார்கள். ஏரிக்குள் பாதி வண்டல்தான் என்றார்கள். காட்டை அழித்தவர்கள் என்றார்கள். நான் அப்போது மாணவன். எல்லாக் காரணமும் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது அதற்கு முந்தையது கொஞ்சம் இலேசானது.

இதில்தான் எனக்கு நெடுநாளாகச் சிக்கல். ஒரு கேடு பெரியது, அதில் ஒவ்வொருவர் பங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்றால், யாரும் தவறு செய்யவில்லை என்றாகிவிடுமா?

டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1984இல் வெளிவந்த தன் நூலில் ஓர் உதாரணம் சொல்கிறார். ஆயிரம் பேர் ஆயிரம் பேரை வதைக்கிறார்கள். ஆனால் ஒருவன் ஒரே ஆளை வதைப்பதில்லை. ஒவ்வொருவனும் ஒரு பொத்தானை அழுத்துகிறான். அது ஆயிரம் பேருக்கும் வலியை உணரவே முடியாத அளவு துளித்துளி கூட்டுகிறது. ஆயிரம் பேரும் அழுத்தி முடித்ததும் எல்லாரும் துடிக்கிறார்கள். 'நான் அழுத்தியதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையே' என்று ஒவ்வொருவனும் சொல்லலாம். சொல்வது உண்மையும்கூட. ஆனாலும் அவன் செய்தது தவறு என்கிறார் பார்ஃபிட். நான் மட்டும் என்ன செய்துவிட்டேன் என்பதல்ல, நாங்கள் சேர்ந்து என்ன செய்தோம் என்பதே சரியான கேள்வி.

படித்தபோது சரி என்று பட்டது. ஏரிக்கரையில் மாமாவைப் பார்த்தபோது அவ்வளவு சுலபமாக இல்லை. பார்ஃபிட்டின் ஆட்களுக்குப் பொத்தான் எதற்கென்று தெரியும். மாமாவுக்குத் தெரியாது. அவர் பிழைக்க லோரி ஓட்டினார். அவரை அந்த ஆயிரம் பேரில் ஒருவராக நிறுத்த என் மனம் இடம் தரவில்லை.

ஐரிஸ் மரியன் யங் இறந்தபின் 2011இல் வந்த அவரது நூல் இங்கே கொஞ்சம் உதவியது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்கிறார். குற்றம் பின்னால் பார்ப்பது, யார் செய்தார் என்று விரல் நீட்டுவது. பொறுப்பு முன்னால் பார்ப்பது. ஓர் அநீதியான ஏற்பாட்டில் நம் அன்றாடச் செயல்களால் பங்கு வைத்திருக்கிறோம் என்றால், அதை மாற்றும் வேலையிலும் நமக்குப் பங்கு உண்டு. யாருக்கு அதிகச் சக்தியும் அதிக லாபமும் இருக்கிறதோ அவர்களுக்கு அதிகப் பங்கு. இப்படிப் பார்த்தால் மாமா குற்றவாளி இல்லை. அம்மாவும் இல்லை. நானும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

நிம்மதியாக இருந்ததுதான் உறுத்தியது.

ஏனென்றால் நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இதுவரை சொல்லாமல் வந்திருக்கிறேன். மலைச்சரிவை வெட்டி வீடு கட்டும் ஒரு சைட்டில் இளநிலைப் பொறியாளர். மழைநீர் மண்ணோடு ஆற்றில் இறங்காமல் தடுக்க சைட்டின் தாழ்ந்த மூலையில் ஒரு சில்ட் டிராப் குளம் இருக்கிறது. சேறு நிரம்பினால் அள்ள வேண்டும். அள்ளினோமா என்று மாதாமாதம் அறிக்கை எழுத வேண்டும். எட்டு மாதமாக அந்தக் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைப்பவன் நான். அள்ளியது இரண்டு முறை. எக்ஸ்கவேட்டர் எப்போதும் வேறு அவசரத்தில் இருக்கும். "கையெழுத்துப் போடு தம்பி, அடுத்த வாரம் அள்ளிடலாம்" என்பார் மேலாளர். கீழே ஓடும் சின்ன ஆறு மழை நாளில் என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். அது ஓடையென்றே சொல்லத்தக்க ஆறு. அதற்கே பெயர் இருக்கிறதா தெரியவில்லை. நூறு சைட்டில் ஒரு சைட் எங்களுடையது. என் டிக்கினால் என்ன ஆகிவிடப் போகிறது?

ரிங்லெட் ஏரியைப் பார்த்து நான் வருந்தியது பொய்யில்லை. ஆனால் அந்த வருத்தத்துக்கு எனக்குச் செலவு எதுவும் இல்லை. அந்த ஏரியில் என்னால் ஒரு கைப்பிடி மண்ணைக்கூடத் தடுக்க முடியாது. அங்கே நான் குற்றவுணர்ச்சி கொள்கிறேன், தத்துவம் படிக்கிறேன், காடுகளுக்காக நெஞ்சு கனக்கிறேன். என் பேனா இருக்கும் இடத்தில், நான் தடுக்கக்கூடிய மண் இருக்கும் இடத்தில், 'நான் ரொம்பச் சின்னவன்' என்கிறேன். கை எட்டாத இடத்தில் பெரிய மனசாட்சியும், கை எட்டும் இடத்தில் சின்ன ஆளுமாக இருப்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு!

அன்று இரவு பிரிஞ்சாங்கில் பசார் மாலாம் சுற்றிவிட்டு வந்து, எல்லாரும் போர்வைக்குள் போன பிறகு மாமாவும் நானும் வெளியில் உட்கார்ந்திருந்தோம். டிக் கதையை அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை, 'எல்லாரும் அப்படித்தான்டா' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

"நானும் ஓவர்லோட் ஏத்திருக்கேன். எல்லா லோரிக்காரனும் ஏத்துவான். ஒரு நாள் எறக்கத்துல பிரேக் சூடாயி பிடிக்கவே இல்ல. முன்னாடி ஒரு ஸ்கூல் பஸ்ஸு. எப்படியோ மலைச் செவுத்துல ஒரசி நிப்பாட்டிட்டேன். மறுநாள்லேர்ந்து பத்துக் கூடை கம்மியாதான் ஏத்துனேன். மொதலாளி வாய்க்கு வந்தபடி பேசுனாரு. மத்தவன்லாம் அப்படியேதான் ஏத்துனான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? ரோட்டுல ஆக்சிடென்ட் கொறையல. என் லோரி பிரேக்கு மட்டும் பிடிச்சிச்சு."

அவர் அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்த பிள்ளைகளை நினைத்துத்தான் சொன்னாரா, தன்னை நினைத்துத்தான் சொன்னாரா என்றும் கேட்கவில்லை. நான் யோசித்தது வேறு. ஆயிரம் பேரில் ஒருவராக அவரை நிறுத்த முடியாமல் போனதற்குக் காரணம், அவர் என் மாமா என்பதல்ல. தன் கைக்கு எட்டிய இடம் எதுவென்று தெரிந்தபோது அவர் அங்கே கூடைகளை இறக்கிவைத்தவர். மண் அவருக்குத் தெரியவில்லை. பிரேக் தெரிந்தது.

எங்கள் துறையில் முதல் வருடமே சொல்லித்தருகிற ஒரு கணக்கு உண்டு. உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தால் உள்ளே தங்கியது கிடைக்கும். தண்ணீருக்கும் அதுதான், வண்டலுக்கும் அதுதான். சின்னது என்பதற்காக எந்தத் துளியையும் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது, ஏனென்றால் விட்டதெல்லாம் எங்கேயோ போய்த் தங்கியிருக்கும். ஏரியின் அடியிலிருந்து அள்ளும் ஒரு வாளிச் சேற்றில் எந்த மண் யாருடையது என்று பிரிக்க முடியாதுதான். ஆனால் அது அங்கே வந்து சேருவதற்கு முன்னால், மேலே, ஒவ்வொரு மண்ணும் யாரோ ஒருவருடைய தோட்டத்தையும் யாரோ ஒருவருடைய சைட்டையும் தாண்டித்தான் வந்தது. அந்த இடத்தில் அதற்கு முகவரி இருந்தது.

திரும்பி வந்த மறுவாரம் மாத அறிக்கை வந்தது. அந்தக் கட்டத்தில் 'அள்ளவில்லை' என்று எழுதினேன். மேலாளர் கூப்பிட்டார். கொஞ்சம் சத்தம் போட்டார். இந்த மாதம் மட்டும் மாற்றித் தரச் சொன்னார். முடியாது என்று சொல்லும்போது குரல் நடுங்கியதை மறைக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து எக்ஸ்கவேட்டர் வந்து குளத்தை அள்ளியது. அடுத்த மாதம் வருமா தெரியாது. கையெழுத்தை என்னிடமிருந்து வேறொருவருக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சும் இருக்கிறது.

ரிங்லெட்டில் இதனால் ஒரு மணல்கூடக் குறையவில்லை. அது வேறு ஆறு, வேறு மலை. நேற்று மழை விட்டபின் சைட்டுக்குக் கீழே இறங்கிப் போய் எங்கள் ஓடையைப் பார்த்தேன். கலங்கித்தான் இருந்தது. மேலே இன்னும் நான்கு சைட்டுகள் இருக்கின்றன.