பேரைக் களையும் பயணம்

வைராக்கியம் பிறந்தவன் ஊரை விட்டு வனம் புகுவான் என்பதே நம் புராணங்கள் காட்டிவந்த மார்க்கம். கபிலவஸ்துவின் அரசகுமாரரும் காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டினத்தாரும் செல்வம் மலிந்த நகரங்களிலிருந்தே வெளியேறினார்கள். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களில் பிறந்த நம் பிள்ளைகளோ, தவத்துக்கு உகந்ததென்று முனிவர் தேடக்கூடிய குளிரையும் மூடுபனியையும் மௌனத்தையும் விட்டு, கொழும்புப் புறக்கோட்டையின் புழுக்கத்தையும் இரைச்சலையும் நாடி ரயிலேறுகிறார்கள். இதைப் பேராசையென்று கோயில் மண்டபங்களில் பெரியவர்கள் கடிந்துரைக்க நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறையும் என் மனம் இசைந்ததில்லை. திருப்தி உயர்ந்த குணமே. எனினும், வேறொன்றைத் தேர இயன்றும் இருப்பதில் அமைந்தவனுக்கே அது புண்ணியமாகும்.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு விசேஷப் பொருள் உண்டு. குறித்த அளவு கொழுந்து எடுத்தவளுக்கு அன்றைக்கு ஒரு பேர், அதாவது முழுநாள் கூலி; குறைந்தால் அரைப்பேர். விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் முழு மனுஷியாக நின்றவள், அந்தியில் செக்ரோல் என்னும் தோட்டப் பதிவேட்டில் பாதியாகப் பதிவாகிறாள். 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, தேசத்தின் ஏட்டில் இடம்பெறாத அவர்கள் பெயர் அந்தச் செக்ரோலில் மாத்திரமே எஞ்சியிருந்தது. அதனோடு எந்தத் தோட்டம், எந்த லயம், யார் மகன், என்ன சாதி என்ற கேள்விகளும் நிழலாகத் தொடர்ந்தன.

சந்நியாசி தன் பூர்வாசிரமப் பெயரைக் களைவது போலவே, மலையிலிருந்து இறங்கிய பிள்ளையும் புறக்கோட்டையின் ஜனசமுத்திரத்தில் இந்தப் பேரைக் களைகிறான். எதிரே வருபவன் அவனை யாரென்று கேட்பதில்லை, கேட்காத அந்தக் கணத்தில் அவன் நெஞ்சு நிமிர்கிறது. கூலிக்காகத்தான் போனான், மெய்யே. ஆயினும் அவனை அங்கே பிடித்து நிறுத்துவது இந்த ஆறுதலே என்று நான் நம்புகிறேன். நகரம் ஞானத்தைக் கொடுத்துவிடுவதில்லை. பகலெல்லாம் மூட்டை சுமந்து, இரவில் கடையின் மேல்மாடியில் பாய் விரிப்பவனை முதலாளி 'பையா' என்றே அழைக்கிறார். பழைய பேர் போயிற்று, புதிய பேர் இன்னும் பிறக்கவில்லை. இந்த இடைவெளியில் தவிப்பவனுக்கு நம் உபதேசம் எதற்கு?

பாசத்தை அவன் அறுத்துக்கொள்ளவும் இல்லை. தீபாவளிக்கு முந்திய இரவில், தாய்க்கு ஒரு சேலையும் தங்கைக்குச் சட்டைத் துணியுமாக அவனைப் போன்றவர்கள் ஏறி நிறைகையில், கோட்டையிலிருந்து பதுளைக்குப் புறப்படும் ரயிலில் நிற்கவும் இடமிருப்பதில்லை.