தாது வருஷத்துக் கால்வாய்

சேப்பாக்கத்திலிருந்து கோட்டூர்புரம் வரை பறக்கும் ரயிலில் போகிறவர்கள் ஒரு பஞ்சத்தின் மேல் பயணம் செய்கிறார்கள். கீழே கறுத்துக் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் இந்தப் பகுதி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் பசித்த வயிற்றோடு வேலைக்கு வந்தவர்கள்.

1876இல், தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருஷத்தில், மழை பொய்த்தது. ஆனால் அத்தனை சாவுக்கும் மழையைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. தானியம் இருந்தது. கப்பலில் வந்திறங்கிச் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்தும் கிடந்தது. விலைதான் ஏழைக்கு எட்டவில்லை. சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு அரசுப் பணத்தில் 30,000 டன் தானியம் வாங்கியபோது, வைஸ்ராய் லிட்டனின் அரசு அதை ஏற்கவில்லை. வியாபாரத்தில் அரசு கைவைக்கக் கூடாதாம். செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதோடு ஓரணாவும் போதும் என்றார் அவர். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். காலையிலிருந்து மண் சுமப்பவனுக்கு அது எப்படிக் காணும்? பெண்களுக்கு இன்னும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உடலைத் தின்றுவிடும் என்று எழுத்திலேயே எதிர்த்தார். சில மாதங்கள் கழித்துக் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேருக்குக் காலம் கடந்துவிட்டது. தென்னிந்தியாவையும் தக்காணத்தையும் சேர்த்து 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள்.

வேலை முடிந்ததும் கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் வந்தது. தானியம் வாங்க முயன்ற மனிதர் என்பதால் அவரைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு பல பத்தாண்டுகள் விறகும் உப்பும் நெல்லும் இதன் வழியே படகில் வந்தன. லாரியும் ரயிலும் வந்தபின் படகு நின்றது, சாக்கடை நுழைந்தது. பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினோம். வெள்ளம் வரும்போதெல்லாம் ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் கரையோரக் குடிசைகளைப் பெயர்க்கிறோம். நீர்வழியைக் குறுக்கிய தூண்களைப் பற்றி அதே வேகத்தில் பேசுவதில்லை. இந்தக் கால்வாயின் சுமை அன்றும் இன்றும் இல்லாதவர் தலையில்தான் விழுகிறது.

கால்வாயைச் சுத்தம் செய்யும் திட்டங்கள் அடிக்கடி அறிவிக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு கல்லுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். திருமயிலை நிலையத்தருகே, தினமும் ஆயிரக்கணக்கானோர் கடக்கும் இடத்தில் அது நிற்கட்டும். தாது வருஷப் பஞ்சத்தில் இதை வெட்டியவர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்ற இரண்டையும் அதில் தமிழில் பொறிக்க வேண்டும்.