அறைந்தவனிடம் ஒரு கேள்வி

தியானப் பகுதி: யோவான் 18:19-23





திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் இரயில் பாதையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடைவதற்கு முன் தனுவச்சபுரம் என்னும் சிறிய நிலையம் வரும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆகவே அந்தப் பகுதியில் கடைப்பலகை மலையாளத்தில் இருந்தாலும், வீட்டுக்குள் வேதத்தைத் தமிழில் வாசிக்கும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தவன் அடியேன். எல்லையைக் குறித்து எங்களுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு எல்லைக் கல்லின் நிமித்தம் நான் விழுந்துபோனதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆவியானவர் ஏவுகிறார்.

என் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், எங்கள் நிலம் எனக்கும் என் தம்பிக்குமாகப் பங்கிடப்பட்டது. இரண்டு பங்குகளுக்கும் நடுவே வயது முதிர்ந்த ஓர் அயனி மரம் நின்றது. நான் ஊழியத்தின் நிமித்தம் வெளி மாநிலத்தில் இருந்த சமயத்தில், தம்பி அந்த மரத்தை வெட்டி விற்றுவிட்டான். விடுமுறைக்கு வீடு திரும்பிய நான், பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் அவன் வீட்டு முற்றத்தில் போய் நின்று, ஒரு ஊழியக்காரன் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தைகளைப் பேசினேன். அயலகத்தார் வேலியருகே நின்று கேட்டார்கள். என் தாயார் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, மரம் போச்சு. தம்பியும் போகணுமா?" என்றார்கள். நான் கையை உதறிவிட்டு நடந்தேன்.

பிறகு சர்வேயர் வந்து அளந்து கல் நாட்டினார். மரம் நின்ற இடம் என் பங்கில்தான் இருந்தது. வழக்கில் நான் ஜெயித்தேன். ஆனால் மூன்று ஆண்டுகள் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. மூன்று கிறிஸ்துமஸ் நாட்களில் என் தாயார் இரண்டு வீடுகளிலும் தனித்தனியே சாப்பிட்டார்கள். மூன்றாம் ஆண்டின் முடிவில் அவர்கள் மரித்தபோது, சவப்பெட்டியின் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் தம்பியும் ஒருவரையொருவர் பாராமல் நின்றோம்.

பிரியமானவர்களே, நியாயம் என் பக்கம் இருந்தது. ஆனால் இச்சையடக்கம் என்னிடத்தில் இல்லை. "என்மேல் தப்பில்லையே" என்று சொல்லுகிற இடத்தில்தான் விசுவாசிகளாகிய நாம் அதிகமாக விழுகிறோம்.

1. கோபம் வாசலில் நிற்கும்போது

வேதத்தில் முதன்முதலாகக் கோபங்கொண்ட மனிதனாக நாம் காண்பவன் காயீன். ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தைக் கவனமாய் வாசியுங்கள். அவனுக்கு எரிச்சல் உண்டான உடனே தேவன் அவனைத் தண்டிக்கவில்லை. அவனிடம் கேள்வி கேட்டார். பாவம் வாசற்படியில் காத்திருக்கிறது, அதை நீ ஆண்டுகொள்ள வேண்டும் என்ற கருத்தில் எச்சரித்தார். கோபம் வருவதற்கும் அது பாவமாய் மாறுவதற்கும் நடுவே ஒரு வாசற்படி இருக்கிறது. அந்த வாசற்படியில் தேவன் நம்மோடு பேசுகிறார். காயீன் அந்தச் சத்தத்தைக் கேட்டும், வயல்வெளிக்குப் போனான்.

பவுல் அப்போஸ்தலனும் கோபமே வரக்கூடாது என்று எழுதவில்லை. அந்தக் கோபத்தோடு பொழுது சாயக்கூடாது, பிசாசுக்கு இடம் கிடைக்கக்கூடாது என்றே எபேசு சபைக்கு எழுதினார் (எபே. 4:26,27). ஒரு பகல்பொழுது கோபத்துக்குக் கெடு. நானோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூரிய அஸ்தமனங்களை அந்தக் கோபத்தோடு கடந்தேன். தன் ஆவியை அடக்காத மனிதனை மதில் இடிந்த பட்டணத்துக்கு ஒப்பிடுகிறார் ஞானி (நீதி. 25:28). எல்லைக் கல்லைச் சரியாக நாட்டிக்கொண்ட நான், என் உள்ளத்தின் மதிலை இடிந்து கிடக்க விட்டுவிட்டேன்.

2. ஆண்டவர் காட்டிய வழி

பிரதான ஆசாரியனுக்கு முன்பாக நம் ஆண்டவர் கட்டுண்டவராய் நிற்கிறார். விசாரணை முடியவில்லை, தீர்ப்பும் இல்லை. அருகே நின்ற சேவகன் ஒருவன் அவரை அறைகிறான். அப்போது ஆண்டவர் செய்தது என்ன? அவர் திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை. பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதர்களைப் பெற்றுக்கொள்ளக் கூடியவர் அவர் (மத். 26:53). ஆனாலும் அவர் மௌனமாகவும் இருந்துவிடவில்லை. தாம் பேசியது தவறென்றால் அந்தத் தவறை எடுத்துக்காட்டும்படியும், சரியென்றால் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் அந்தச் சேவகனிடமே கேட்டார் (யோவான் 18:23).

மறு கன்னத்தைக் காட்டும்படி மலைப்பிரசங்கத்தில் போதித்தவரும் இவரே. அப்படியானால் மறு கன்னத்தைக் காட்டுவது என்பது அநியாயத்தை நியாயம் என்று ஒத்துக்கொள்வது அல்ல என்று இங்கே விளங்குகிறது. அவர் கையைக் கட்டுப்படுத்தினார், சத்தியத்தைக் கட்டிப்போடவில்லை. அறைந்தவனையும் சிந்திக்கக்கூடிய ஒரு மனிதனாக மதித்து அவனிடம் கேள்வி கேட்டார். நாம் செய்வதோ பெரும்பாலும் இரண்டில் ஒன்று: திருப்பி அடிக்கிறோம், அல்லது வாயை மூடிக்கொண்டு உள்ளே கசப்பை வளர்க்கிறோம். ஆண்டவரோ மூன்றாவது வழியைக் காட்டினார். நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிற பிதாவினிடத்தில் தம்மை ஒப்புவித்ததே அதன் இரகசியம் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 2:23).

பழிவாங்கும் உரிமையைத் தேவனுடைய கரத்தில் கொடுத்துவிட்டு, உண்மையை மட்டும் நம் கையில் வைத்துக்கொள்வதே விசுவாசியின் இச்சையடக்கம்.

3. எங்கள் மண்ணில் நடந்தது

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் நெய்யாற்றின்கரைப் பகுதியும் அடங்கிய தெற்குத் திருவிதாங்கூரின் சபை வரலாற்றைத் திரும்பிப் பாருங்கள். 1806-இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்ததுமுதல் லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியம் இங்கே பரவியது. பாறசாலையும் அந்த மிஷனின் நிலையங்களுள் ஒன்று. அந்நாட்களில் நாடார் முதலான குலங்களைச் சேர்ந்த பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணிவதற்குத் தடை இருந்தது. சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட பெண்கள் குப்பாயமும் தோள்சீலையும் அணியத் தொடங்கியபோது, சந்தைகளிலும் வழிகளிலும் அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829 பிப்ரவரி 3-ஆம் தேதி வெளியான அரசுப் பிரகடனம் குப்பாயத்தை அனுமதித்தது. மேற்குலப் பெண்களைப் போல் தோள்சீலை அணிவதையோ தடுத்தது.

1858-ஆம் ஆண்டின் இறுதியில் கலகம் மீண்டும் மூண்டது. 1859 ஜனவரியில் ஆராதனை இல்லங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. எல்லா விசுவாசிகளும் பொறுமையாய் இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எதிர்த்து அடித்தவர்களும் இருந்தார்கள். வரலாற்றை நாம் அழகுபடுத்த வேண்டியதில்லை. ஆயினும் சபையின் பிரதான வழி வேறாயிருந்தது. எரிந்த கூரைக்குப் பதிலாக மறு கூரையைக் கொளுத்துவது அதன் வழியாக இருக்கவில்லை. மிஷனெரிமார் மகாராஜாவிடத்தில் மனுச் செய்தார்கள். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன்வரை முறையீடு சென்றது. நம் தாய்மார்களோ அவமானத்துக்குப் பயந்து அணிந்த ஆடையைக் களைந்துவிடவில்லை.

1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா புதிய பிரகடனத்தை வெளியிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம்; முரட்டுத் துணியால் மேலே போர்த்திக்கொள்ளலாம்; ஆனால் மேற்குலப் பெண்களைப் போல் அணியக்கூடாது என்றது அது. அது அரை நியாயம்தான். ஆனாலும் அந்த அரை நியாயம் ஒரு கதவைத் திறந்தது. பின்வந்த தலைமுறை அதன் வழியே நடந்தது. அந்தத் தாய்மார் தெருவில் அறையப்பட்டும், "ஏன் அடிக்கிறாய்?" என்ற கேள்வியைத் தங்கள் ஆடையினாலேயே தேசத்தின் முன் வைத்தார்கள். அன்று அடித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே பேருந்தில் பயணம் செய்கிறார்கள். பழைய புண்ணைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. தேவன் எவ்வளவு தூரம் நடத்தினார் என்று நினைவுகூரவே எழுதுகிறேன்.

4. மன்னிப்பும் நீதியும்

நம் காலத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1999 ஜனவரி 22-ஆம் தேதி இரவு, ஒரிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்துவந்த கிரகாம் ஸ்டெயின்ஸ் தம் இரு மகன்களான பிலிப்பு, தீமோத்தேயுவோடு வாகனத்திலேயே எரித்துக் கொல்லப்பட்டார். மூத்தவனுக்கு வயது 10, இளையவனுக்கு 6. அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலைசெய்தவர்களை மன்னிப்பதாக அறிவித்தார். மகள் எஸ்தரோடு பாரிபதாவிலேயே தங்கி, 2004 வரை அந்த நோயாளிகளுக்குப் பணிசெய்தார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அதே வேளையில் சட்டம் தன் வழியே நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள்தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அம்மையாரின் மன்னிப்பு நீதிமன்றத்தின் கதவை அடைக்கவில்லை. நீதிமன்றத்தின் தீர்ப்புக்காக அவர் தம் மன்னிப்பைத் தள்ளிவைக்கவும் இல்லை. ரோமர் 12-ஆம் அதிகாரத்தின் முடிவையும் 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் சேர்த்து வாசித்தால் இது விளங்கும். பழிவாங்குதல் நமக்குரியதல்ல; நீதி செய்யும் பொறுப்பை தேவன் அதிகாரத்தில் உள்ளவர்களிடம் வைத்திருக்கிறார்.

ஆகவே ஊழியக்களத்தில் தாக்கப்படுகிற நம் மிஷனெரி காவல்நிலையத்தில் புகார் கொடுப்பது விசுவாசக் குறைவு அல்ல. பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிக்கப்பட்ட பவுல், அதிகாரிகள் தாங்களே வந்து தங்களை விடுவிக்கவேண்டும் என்று உறுதியாய் நின்றார் (அப். 16:37). அதே பவுல்தான் முந்தின இரவில் சிறைச்சாலைக்காரனுடைய உயிரைக் காத்தார். அதுபோல, வீட்டில் கணவனால் அடிக்கப்படும் ஒரு சகோதரியிடம் "பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் வேத ஆலோசனை ஆகாது. அவளுக்குப் பாதுகாப்பான இடத்தையும் சட்டத்தின் துணையையும் தேடிக்கொடுப்பது சபையின் கடமை.

5. நாம் செய்யவேண்டியவை

கோபம் எழும்பும் நேரத்தில் நம்மைத் தடுக்கிறவர்களின் சத்தத்துக்குச் செவிகொடுப்போம். நாபாலின்மேல் கோபங்கொண்டு நானூறு பேரோடு புறப்பட்ட தாவீதை ஒரு பெண்ணின் ஞானமான வார்த்தை நிறுத்தியது. தாவீது தன்னைத் தடுத்த அபிகாயிலுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரித்தான் (1 சாமு. 25:32,33). என் கையைப் பிடித்த தாயாரும் எனக்கு ஒரு அபிகாயிலாய் இருந்தார்கள். தாவீது நின்றான், நான் கையை உதறினேன்.

அடுத்ததாக, குற்றம் சாட்டுமுன் கேள்வி கேட்போம். "தம்பி, ஏன் மரத்தை வெட்டினாய்?" என்று நான் அன்று கேட்கவேயில்லை. கேட்டிருந்தால், தாயாரின் மருத்துவச் செலவுக்காக அவன் வெட்டினான் என்பதை அன்றே அறிந்திருப்பேன். நான் தூரதேசத்தில் ஊழியம் செய்துகொண்டிருக்க, எனக்குக் கடன்சுமை தெரியக்கூடாது என்று அந்தச் செலவை மறைத்தவர்கள் தாயார்.

மூன்றாவதாக, நம் பக்கம் நியாயம் இருந்தாலும் நாமே முதலில் நடப்போம். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுச் சகோதரனிடத்தில் போகும்படி ஆண்டவர் சொன்னபோது (மத். 5:23,24), யார்மேல் தப்பு என்று விசாரித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை.

தாயாரின் அடக்கத்துக்குப் பின்வந்த இராப்போஜன ஞாயிற்றுக்கிழமையில் என்னால் அந்தப் பந்திக்கு எழுந்து செல்ல முடியவில்லை. ஆலயத்தைவிட்டு இறங்கித் தம்பியின் வீட்டுக்கு நடந்தேன். அவன் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தான். "தம்பி, நான் பேசினது பாவம். என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் பதில் பேசவில்லை. விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், மருந்துக்கடைச் சீட்டுகள் அடங்கிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அதைப் பார்த்து நான் அழுதேன். அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். முன்போல் சேர்ந்து சாப்பிட எங்களுக்கு இன்னும் ஓராண்டு ஆயிற்று. ஆனால் அந்த உணவைப் பரிமாற எங்கள் தாயார் இல்லை.

அன்பான வாசகரே, இன்றைய பொழுது சாய்வதற்குமுன் நீங்கள் நடந்துசெல்ல வேண்டிய முற்றம் எது? கல் நாட்டப்பட்டது நாட்டப்பட்டபடியே இருக்கட்டும். கல்லுக்கு அப்பால் இருப்பவனைத் தேடிப் போங்கள்.

ஜெபம்: நியாயாதிபதியாகிய எங்கள் பிதாவே, அறையப்பட்டபோதும் அறைந்தவனை நேசித்த உம்முடைய குமாரனின் சிந்தையை எங்களுக்குத் தாரும். எங்கள் கையையும் நாவையும் ஆண்டுகொள்ளும். உண்மையைப் பயமின்றிப் பேசவும், பழியை உம்மிடம் ஒப்புவிக்கவும், நாங்களே முதலில் நடக்கவும் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.