கழுத்து யார் சொல் கேட்கும்?

‘நிமிர்ந்து உட்கார்’ என்ற அதட்டலுக்குள் ஒரு தத்துவம் இருக்கிறது. மனம் எசமான், உடல் ஏவலாள். சொன்னால் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் அது சோம்பல். இந்தத் தத்துவம் பிழையானது என்பதே என் கட்சி. அதற்குச் சாட்சி நம் பிடரியிலேயே இருக்கிறது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1922இல் எழுதிய ‘மனித இயல்பும் நடத்தையும்’ என்ற நூலில், சரியாக நிற்கத் தெரியாத ஒருவனைக் கொண்டே இந்தக் கேள்வியை ஆராய்கிறார். நேராக நிற்க வேண்டும் என்று அவன் எவ்வளவு விரும்பினாலும், ஒரு தவறான நிலையிலிருந்து இன்னொரு தவறான நிலைக்குத்தான் போவான். எது நேர் என்று அவனுக்குச் சொல்லும் உணர்வும் அந்தப் பழக்கத்தில் ஊறியதுதானே! டூயிக்கு இதை உணர்த்தியவர், 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்த நடிகர் எஃப். எம். அலெக்சாண்டர். மேடையில் குரல் கம்மிப்போக, காரணம் தேடிக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாயைத் திறந்ததுமே தலை பின்னுக்குச் சாய்ந்து கழுத்தை அழுத்துவது தெரிந்தது. திருத்த முயன்றார். தலையை முன்னே கொண்டுபோகிறோம் என்று அவர் உறுதியாக நம்பிய கணத்திலும் கண்ணாடியில் அது பின்னுக்கே போயிற்று. பின்னாளில் அவர் மாணவர்களின் கழுத்தில் கைவைத்துக் கற்பித்ததற்கு வேர் இந்த அனுபவம்தான். டூயியும் அப்படிக் கற்றவர். அலெக்சாண்டரின் நூல்களுக்கு முன்னுரையும் எழுதினார்.

உடற்கூறும் இதையே சொல்கிறது. மண்டையோட்டுக்கு அடியில் நான்கு சோடிச் சிறு தசைகள் உள்ளன. தலை எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்விகள் இவற்றில் மிக அடர்த்தி. கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலியும், முகத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பு கொண்டுவரும் வலியும் ஒரே இடத்தில் கூடுவதால், பிடரியின் நோவு நெற்றியில் தெரியலாம். தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியதுபோல் வலிப்பவர்களில் பலருக்கு இந்தத் தசைகளைத் தொட்டாலே நோகும். ஆக, செய்தி சொல்ல வேண்டிய தசையே இறுகிக் கிடக்கிறது. அதனிடம் ‘நிமிர்’ என்று கட்டளையிட்டால் பழைய இறுக்கத்தின்மேல் புது இறுக்கம் ஏறும். பிசியோதெரபிஸ்ட் அந்த இடத்தில் விரல்களை வைத்துத் தலையின் கனத்தைத் தன் கையில் வாங்கிக்கொள்ளும்போதுதான், இதுவரை எதைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது முதன்முறையாகத் தெரியவருகிறது.

கூனியிருப்பவர்கள் எல்லாருக்கும் வலிப்பதில்லையே, நிமிர்ந்திருப்பவர்களுக்கும் தலை வலிக்கிறதே என்பார்கள். உண்மைதான், தோரணைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு நாம் நினைக்கிற அளவு நேரானதல்ல. ஆனால் நான் பேசுவது கழுத்தின் வடிவத்தைப் பற்றியல்ல, அதில் ஓயாமல் இருக்கும் பிடிமானத்தைப் பற்றி. தொடுகை தரும் வெறும் ஆறுதல்தான் இது என்பது அடுத்த மறுப்பு. நாள்பட்ட கழுத்துவலி உள்ள 517 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அலெக்சாண்டர் பயிற்சி பெற்றவர்களுக்கு, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டுக்குப் பிறகும் வலி குறைந்திருந்தது. அக்குபஞ்சர் பெற்றவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன். எனவே ஒருவருடைய கவனிப்புக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். அப்படியானாலும் தோற்பது எசமான்–ஏவலாள் கதைதான்: பிறர் காட்டும் அக்கறையால் தசை இளகுமென்றால், உடல் வெறும் ஏவலாளாக எப்படி இருக்க முடியும்?

அப்படியென்றால் மனத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் எண்ணும் வேலை அல்ல. ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்று சொன்ன பதஞ்சலி, அடுத்த சூத்திரத்திலேயே முயற்சியைத் தளர்த்துவதை அதற்கு வழியாகக் காட்டுகிறார். அலெக்சாண்டரும் முதலில் கேட்டது, பழக்கம் இழுக்கும் பக்கம் ஓடாமல் ஒரு கணம் நிற்கும்படிதான். விடுவதும் மனத்தின் செயலே. அது முறுக்கேற்றுவதைவிடக் கடினம், தனியாகக் கற்பதற்கும் அரியது.

ஆகவே, புத்தகத்தின்மேல் கவிழ்ந்திருக்கும் பிள்ளையை இன்று அதட்ட வேண்டாம். பக்கத்தில் போய், அதன் பிடரியில் மெல்லக் கைவையுங்கள்.